கூப்பன்காரி எழுதுகிறேன்

சென்ற வாரம் நான் இட்ட பதிவைப் படம் பிடித்து, என் பெயரை மட்டும் மறைத்து, “வெள்ளவத்தையில் மீண்டும் கூப்பன் காலம்” என்று தலைப்பிட்டுச் சிரித்த தம்பிக்கும், அதன் கீழே வரிசையாக வந்து சிரித்த அன்பர்களுக்கும் இதை எழுதுகிறேன். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: பல்பொருள் அங்காடிகளில் கிடைக்கும் விலைக்கழிவுகளைக் கவனித்து வாங்கி வீட்டுச் செலவைக் குறைப்பது எப்படி என்பதுதான் அந்தப் பதிவு. பெயரை மறைத்த பெருந்தன்மைக்கு நன்றி. ஆனால் என் எழுத்தை எங்கள் சொந்தக்காரர்கள் நன்றாக அறிவார்கள். அன்றிரவே ரொறன்ரோவிலிருந்து மச்சாள் அழைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வீட்டிலை ஏதும் கஷ்டமோ, காசு அனுப்பட்டோ?” என்று கேட்டாள்.

கஷ்டம் ஒன்றும் இல்லை. கழிவு கேட்பது பிச்சை எடுப்பது அல்ல. அதைத்தான் அன்றும் எழுதினேன், இன்றும் எழுதுகிறேன்.

அந்தப் பதிவில் அப்படி என்னதான் இருந்தது? புதிதாகத் தொடங்க விரும்புவோர் முதல் மாதம் எந்தச் சலுகையின் பின்னாலும் ஓட வேண்டாம் என்று எழுதியிருந்தேன். பற்றுச்சீட்டுகளை எறியாமல் சேர்த்து, வீட்டில் திரும்பத் திரும்ப வாங்கும் இருபது சாமான்களின் விலையை ஒரு கொப்பியில், கிலோவுக்கு எவ்வளவு, லீற்றருக்கு எவ்வளவு என்று குறித்து வாருங்கள் என்றேன். பொதியின் மேலே எத்தனை வீதம் கழிவு என்று ஒட்டியிருந்தாலும் பழைய விலை தெரியாதவருக்கு அந்த வீதத்தில் ஒரு பொருளும் இல்லை. பத்திரிகையில் கத்தரித்தெடுக்கும் கூப்பன் நமது ஊரில் அருமை. நமக்கு வாய்ப்பவை வங்கி அட்டைகளுக்கான வார இறுதிக் கழிவும், அங்காடியின் புள்ளி அட்டையும், கைபேசிக்கு வரும் சலுகையும்தான். அந்த அட்டைக் கழிவிலும் ஆகக்குறைந்த தொகை, ஆகக்கூடிய கழிவு, எந்தக் கிழமை, எந்தப் பொருட்கள் என்று எறும்பு எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். ஆகக்குறைந்த தொகையை எட்டுவதற்காகத் தேவையில்லாத ஒரு பிஸ்கட் பெட்டியைத் தள்ளுவண்டியில் போட்ட கணமே உங்கள் கழிவு போய்விடும் என்றும் எழுதியிருந்தேன். இதில் எந்த வரி உங்களுக்கு இவ்வளவு சிரிப்பு மூட்டியது, தம்பி?

கழிவு எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு அடங்கும். வங்கியோ அங்காடியோ தர்மம் செய்வதில்லை. விளம்பரப் பலகைக்கும் தொலைக்காட்சிக்கும் செலவிடுவதுபோல இதற்கும் செலவிடுகிறார்கள், அந்தச் செலவு கடைசியில் பொருளின் விலைக்குள்தான் போய் உட்காருகிறது. ஆகவே என் பின்னால் நின்று கௌரவமாக முழு விலை கொடுத்தவர் என் கழிவுக்கும் சேர்த்தே கொடுத்தார். அவருக்கும் என் நன்றி.

தலைப்பில் வந்த அந்தக் “கூப்பன் காலம்” பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதுதான் சுட்டது. அரசு கூப்பன் புத்தகங்களுக்கு அரிசியை அளந்து கொடுத்த, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய பங்கீடு அது. 1953 இல் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றியபோது, ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாட்டில் ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகும் அளவுக்குப் போனது. 1979 இல் உணவு முத்திரை வந்து அந்தப் புத்தகங்களுக்கு முடிவு கட்டியது. எங்கள் அம்மா கூப்பன் புத்தகங்களைச் சாமியறையில், பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே தகரப் பெட்டியில் வைத்திருந்தவர். ஆறு பேருக்கு அந்த அரிசியை வைத்து வாரத்தை ஓட்டிய கணக்கு அவருக்கு விரல் நுனியில் இருந்தது. கூப்பன் கடைக்குப் போனதற்காக அவர் ஒருபோதும் தலை குனிந்ததில்லை. அவர் பெற்ற மகளை நீங்கள் அந்தச் சொல்லாலேயே தலை குனிய வைக்கப் பார்க்கிறீர்கள். அது அரசு கொடுத்த பங்கு, இது வியாபாரி போட்ட தூண்டில் என்ற வேறுபாடு எனக்குத் தெரியும். புழுவை மட்டும் தின்றுவிட்டுத் திரும்பத் தெரிந்த மீன்களும் உண்டு என்பதுதான் என் கட்சி.

இன்னொன்றும் கேட்கிறேன். 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீடு வந்தபோது, வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து கொடுத்தார்களே, அது என்ன? கூப்பன்தானே. அதைக் கைபேசியில் ஏந்திக்கொண்டு வரிசையில் நின்ற ஐயாமாரை யாரும் “கூப்பன்காரர்” என்று சொல்லவில்லை. காணி விலை பேசி இரண்டு இலட்சம் குறைத்தவர் கெட்டிக்காரர், பருப்பு விலை பார்த்து இருபது ரூபாய் குறைத்தவள் கஞ்சப்பிசினாறி என்பது எந்த ஊர் நியாயம்?

நான் இந்தக் கொப்பியைப் பொழுதுபோக்குக்காகத் தொடங்கவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 வீதம், அதாவது ஒரு வருடத்துக்கு முன் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியது கிட்டத்தட்ட இரண்டாயிரம். அந்த மாதம் ஒரு மாலை, காசாளர் மேசையில் தொகையைப் பார்த்துவிட்டு, மாஜரினையும் பற்பசையையும் திரும்ப எடுக்கச் சொன்னேன். அதை நீக்கச் சாவியோடு மேற்பார்வையாளர் வர வேண்டும், அவர் வரும்வரை அந்தக் காசாளர் பிள்ளை உரத்துக் கூப்பிட வேண்டும், பின்னால் நின்ற எல்லோரும் பார்க்க வேண்டும். என் மகன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றிரவு அவனுடைய பழைய கணிதக் கொப்பியில் மிச்சமிருந்த தாள்களில்தான் முதல் விலைகளை எழுதினேன். 2022 மே வரை 8 வீதமாக இருந்த வற் எனும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 ஆனபோதும் அதே கொப்பிதான் துணை நின்றது. வரி ஏறியதற்கு யாரும் சிரிப்புக் குறி போட்டதாக எனக்கு நினைவில்லை.

இனி, “உங்களால் வரிசை தாமதமாகிறது” என்றவர்களுக்கு. அட்டையையும் தொலைபேசி இலக்கத்தையும் முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள், கூட்டமான மாலையில் போகாமல் சனிக்கிழமை கடை திறந்ததும் போங்கள் என்று என் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். அதை வாசிக்காமல் சிரித்திருக்கிறீர்கள். என் கழிவைப் பதிய காசாளருக்கு அரை நிமிடம் செல்கிறது. காசாளரை நிறுத்திவிட்டுக் கைபேசியில் ஊர்வம்பு பேசும் கனவான்கள் எடுக்கும் நேரத்தை யாராவது அளந்தீர்களா? “சின்னக் கடைகள் என்னாவது?” என்றார் ஒருவர். நல்ல கேள்வி, ஆனால் அவரே அதை ஓர் அங்காடியின் வாகனத் தரிப்பிடத்திலிருந்து எழுதியிருந்தார்.

“கடனட்டை உள்ளவர் ஏழையா?” என்ற கேள்விதான் என்னை உறுத்தியது. உண்மை. கழிவு அதிகம் தேவைப்படுபவரிடம் அட்டை இல்லை, அட்டை உள்ளவருக்கே கழிவு. இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் அட்டை இல்லாதவர்களுக்காக வெள்ளவத்தைச் சந்தையின் விலையையும் பக்கத்தில் எழுதுகிறேன். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, அங்காடியில் 25 வீதக் கழிவின் பின்னும் போஞ்சி கிலோ 540 ரூபாய், அதே காலை சந்தையில் 480. அட்டை வைத்திருப்போரும் மாத முடிவில் முழுத் தொகையையும் கட்ட முடியாவிட்டால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். 20 வீதத்துக்கு மேல் போகும் வட்டி, வெங்காயத்தில் மிச்சம் பிடித்ததை வழித்துக்கொண்டு போய்விடும். இதையும் எழுதியிருந்தேன். படம் பிடித்தவர் அந்தப் பத்தியை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார். கத்தரிக்கத் தெரிந்த கை, பாருங்கள்.

ஞாயிறு இரவு மச்சாள் மறுபடியும் அழைத்தாள். காசு வேண்டாம் என்று நான் சொன்னதை அவள் இன்னும் நம்பவில்லை.

வழக்கமான கழிவுப் பட்டியல் வெள்ளி இரவு எட்டு மணிக்கு வரும். இந்த வாரம் பால்மாவுக்கு எங்கும் கழிவு இல்லை, சவர்க்காரத்துக்கு இருக்கிறது.