கலரை யாருடா பார்த்துக்கிறீங்க?

பிரிண்டரை ஓட்டுற டிரைவர் புரோகிராம் அப்டேட் ஆயிடுச்சாம். "உங்கள் அனுபவத்தை மேம்படுத்தியுள்ளோம்"னு ஒரு பெட்டி வேற வந்து நிக்குது. எந்த அனுபவத்தைய்யா மேம்படுத்துனீங்க? நேத்து வரைக்கும் மனுஷ நிறத்துல வந்துட்டிருந்த முகமெல்லாம் இன்னைக்கு யாரோ ரெண்டு கன்னத்துலயும் பளார் பளார்னு அறைஞ்ச மாதிரி செக்கச்செவேல்னு வருது. அக்கா பொண்ணு போட்டோ. ஃப்ரேம் போட்டுக் கொடுக்கணும். ஸ்க்ரீன்ல மாநிறத்துல அழகா சிரிக்கிறா. பேப்பர்ல பார்க்கவே பயமா இருக்கு.

அந்த பிரிண்ட் மெனுவைப் பத்தித்தான் பேசணும். எந்த மெனுன்னு உங்களுக்கே தெரியும்.

பிரிண்ட் கொடுத்தா முதல் கேள்வி: கலரை பிரிண்டர் பார்த்துக்கணுமா, போட்டோ சாஃப்ட்வேர் பார்த்துக்கணுமா? சாஃப்ட்வேர்னு கொடுத்தேன். அந்தப் பேப்பர்ல கலர் எப்படி விழும்னு சொல்ற ஃபைல், அதான் ஐசிசி ப்ரொஃபைல், அதையும் எடுத்து வெச்சேன். உடனே கீழ பொடி எழுத்துல ஒரு வரி: பிரிண்டரோட கலர் மேனேஜ்மென்ட்டை அணைக்க மறக்காதீங்க. அவ்வளவு அக்கறை இருந்தா நீயே அணைச்சுத் தொலையேன்! பக்கத்துலயே ஒரு பட்டன் வெச்சா என்ன குறைஞ்சா போயிடும்? கிடையாது. நான்தான் தேடிப் போகணும்.

போனேன். பிரிண்ட் செட்டிங்ஸ். முதல் டேப்ல இல்ல. ரெண்டாவதுல வாட்டர்மார்க் போடலாமாம், ரொம்ப முக்கியம். 'அட்வான்ஸ்டு'ன்னு ஒண்ணு. அதை அமுக்கினா "இது அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும்"ங்கிற தோரணையில ஒரு எச்சரிக்கை. ஓகே. உள்ள கலர் கரெக்ஷன், 'ஆட்டோமேட்டிக்'னு கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கு. 'கஸ்டம்' கொடுத்தாத்தான் அடுத்த பெட்டிக்கே உயிர் வருது. அந்தப் பட்டியலோட அடியில, யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு, 'ஆஃப்'. கொடுத்தேன். ஓகே. ஓகே. ஓகே. இதையெல்லாம் எப்பவோ செஞ்சு, பேர் வெச்சு சேமிச்சும் வெச்சிருந்தேன் சார். அப்டேட் வந்து வழிச்சுத் துடைச்சுட்டுப் போயிடுச்சு.

சரி, ஆஃப் பண்ணியாச்சு. பேப்பர் வகை 'ப்ளெயின்'னு இருந்ததை 'க்ளாசி', அதான் பளபளா பேப்பர்னு மாத்திட்டு பிரிண்ட் கொடுத்தேன். அதே சிவப்பு! மறுபடி அத்தனை பெட்டியையும் திறந்து இறங்கிப் போனா, கலர் கரெக்ஷன் திரும்ப ஆட்டோமேட்டிக். பேப்பரை மாத்தினா அது தானா பழையபடி ஆயிடுமாம். ஒரு பீப் இல்ல, ஒரு அறிவிப்பு இல்ல. "வாட்டர்மார்க் வேணுமா"ன்னு கேட்கத் தெரியுது, இதைச் சொல்லத் தெரியல.

நடக்கிறது என்னன்னா, இந்த மை இந்தப் பேப்பர்ல எப்படி உக்காரும்னு ப்ரொஃபைலை வெச்சுக் கணக்குப் போட்டு, சாஃப்ட்வேர் ஏற்கெனவே எண்களை மாத்தி அனுப்பிடுது. டிரைவரோ, இது ஸ்க்ரீனுக்கான சாதாரண எஸ்ஆர்ஜிபி கலர் படம்தானேன்னு தன் பங்குக்கு இன்னொரு தடவை திருத்துது. ரெண்டு பேர் திருத்தமும் சேர்ந்தா மஜந்தா, அதான் அந்தச் சிவந்த ரோஸ். டபுள் கலர் மேனேஜ்மென்ட்னு இதுக்குப் பேரே இருக்கு. பேர் வைக்கிற அளவுக்கு ஊரறிஞ்ச வியாதி. மருந்தை மட்டும் பெட்டிக்குள்ள பெட்டிக்குள்ள பெட்டியா ஒளிச்சு வெச்சிருக்காங்க. 1993-ல எட்டு கம்பெனி ஒண்ணா உக்காந்து, எந்த மெஷின்ல பார்த்தாலும் கலர் ஒரே மாதிரி தெரியணும்னு ஐசிசி-யை, கிரிக்கெட் இல்ல, இன்டர்நேஷனல் கலர் கன்சார்டியத்தை ஆரம்பிச்சாங்க. நல்ல எண்ணம்தான். அந்தக் கூட்டத்துக்கு டிரைவர் எழுதுறவரைக் கூப்பிட மறந்துட்டாங்க போல.

இதுக்கு நடுவுல அறிவுரை சொல்ற கூட்டம். "மானிட்டர் கேலிபரேட் பண்ணிருக்கீங்களா?" கலரையும் வெளிச்சத்தையும் அளந்து சரி பண்ணிருக்கு சாமி. 6500 கெல்வின், வெளிச்சம் 100 கேண்டெலா. மானிட்டர் ரொம்பப் பளிச்சுனு இருந்தா பிரிண்ட் இருட்டாத் தெரியும், ஒத்துக்கிறேன். அதுக்காகக் கன்னம் சிவக்குமா? "ரெண்டரிங் இன்டென்ட்டை மாத்திப் பாருங்க." அது, பிரிண்டர்ல வராத கலரை எப்படிச் சமாளிக்கிறதுங்கிற செட்டிங். பர்செப்சுவலா ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்காங்கிறது பிரிண்டரால எட்ட முடியாத அடர் கலர்ல தான் பெருசா வித்தியாசம் காட்டும், முகத்துல என்னத்தக் காட்டும்? "மை தெளிக்கிற நாசில் அடைச்சிருக்கும்." செக் எடுத்தாச்சு, ஒரு கோடுகூட அறுபடல. வெறும் சாம்பல் பட்டையை பிரிண்ட் எடுத்தா அதுவும் ரோஸ் கலர்ல வருது. அதே பட்டையை 'பிரிண்டரே பார்த்துக்கட்டும்'னு விட்டா ஒழுங்கா சாம்பலா வருது. அப்போ மை மேல தப்பில்ல, பேப்பர் மேல தப்பில்ல, ரெண்டு முதலாளி மேலதான் தப்பு. இதைச் சொன்னா, "எதுக்கும் ஒரு தடவை ஹெட் கிளீன் பண்ணிப் பாருங்களேன்"ங்கிறார். அதை பிரிண்டரே கேட்காம கொள்ளாம பண்ணிக்கிட்டுத்தான் இருக்கு. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் கர்ர்ர் கடக்குனு ஒரு சத்தம். அத்தனையும் நான் காசு கொடுத்து வாங்கின மை.

கடைசியா, பேப்பரை மாத்தின பிறகு மறுபடி 'ஆஃப்' கொடுத்ததும் சரியா வந்துச்சு. ஜன்னல் ஓரமா வெச்சுப் பார்த்தேன், அச்சு அசல். ஹாலுக்குக் கொண்டு வந்தா எல்இடி வெளிச்சத்துல லேசா பச்சை அடிக்குது. ப்ரொஃபைல் கணக்கெல்லாம் டி50-ன்னு 5000 கெல்வின் வெளிச்சத்துக்குப் போட்டதாம். வீட்டுக்கு வர்றவங்களை எல்லாம் ஜன்னல்கிட்ட நிக்க வெச்சா காட்ட முடியும்?

அக்கா ரெண்டு பிரிண்ட்டையும் கையில எடுத்துப் பார்த்தா. அந்தச் செக்கச்செவேல்னு இருந்ததை நீட்டி, "இதுல தான்டா பொண்ணு களையா இருக்கா, இதையே ஃப்ரேம் போட்ரு"ன்னா. சிரிக்கிறதைத் தவிர வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

போகட்டும்னு விட்டுட்டு, ஒரு லெட்டரை ஸ்கேன் பண்ண உக்காந்தேன். மஞ்சள் மை தீர்ந்துடுச்சாம், கார்ட்ரிட்ஜ் மாத்தினாத்தான் ஸ்கேன் ஆகுமாம். டேய், ஸ்கேன் பண்றதுக்கு எதுக்குடா மஞ்சள் மை?