அந்த ரோபோ எத்தனை மணிக்குக் கிளம்பியது?

ஞாயிற்றுக்கிழமை வினாடி வினாவில் நடந்தது நம்ம ஆட்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும், மீதிப் பேர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனில் வரும் ராட்சத ரோபோவின் அதிகபட்ச வேகம் என்ன என்று பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அதற்கு நான் மேடை ஏறிச் சத்தம் போட்டேன் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. மேடை ஏறவில்லை, கீழே நின்றுதான் கேட்டேன். இப்போதும் அதையேதான் கேட்கிறேன். அந்த ராட்சத ரோபோ தன் கிரகத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது? அது தெரியாமல் வேகம் எப்படிச் சொன்னீர்கள்?

நடத்தியவர் கையில் இருந்த விடை, "ஒளியைவிட ஒரு லட்சம் மடங்கு". கணக்கையும் அவரே விளக்கினார். காமிக்ஸ்படி டிரான்ஸ்ஃபார்மர்களின் கிரகமான சைபர்ட்ரான், நம்ம சூரியனுக்குப் பக்கத்து நட்சத்திரக் கூட்டமான ஆல்ஃபா சென்டாரி பக்கம் இருந்ததாம். 4.37 ஒளியாண்டு, அதாவது ஒளியே 4.37 வருஷம் போகவேண்டிய தூரம். கார்ட்டூன் ஒரு எபிசோடு 20 நிமிடம், அதற்குள் பூமிக்கு வந்துவிடுகிறது. வகுத்தால் லட்சத்துச் சொச்சம். வகுத்தது சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன். ஆனால் அந்த 20 நிமிடம் ரோபோ பறந்த நேரமா? நாம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நேரம் ஐயா அது! தூரத்தைக் காமிக்ஸில் எடுத்து, நேரத்தை டிவியில் எடுத்து, வேகத்தை ரோபோ தலையில் கட்டியாயிற்று.

சினிமாவில் எழும்பூரில் ரயில் ஏறுகிற கதாநாயகன் அடுத்த ஷாட்டில் பாம்பன் பாலத்தில் கதவோரம் நிற்பான். அதை வைத்து ராமேஸ்வரம் வண்டி 600 கிலோமீட்டரை ஒரு நொடியில் கடக்கிறது என்று யாராவது எழுதினால் மார்க் போடுவீர்களா? ராத்திரி முழுக்க அதில் குலுங்கி வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஷாட் மாறுவது எடிட்டரின் வேகம். ரோபோவின் வேகம் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், எடிட்டரின் வேகம்.

சரி, அந்தக் கதையே என்ன சொல்கிறது? 1984-ல் வந்த கார்ட்டூனில் வில்லன் ரோபோக்கள் பூமிக்கும் சைபர்ட்ரானுக்கும் நடுவே ஸ்பேஸ் பிரிட்ஜ் கட்டி வைத்திருப்பார்கள். சரக்கு அனுப்ப. ஒளியைவிட லட்சம் மடங்கில் பறக்கிறவனுக்குப் பாலம் எதற்கு? பாம்பனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிறந்து வளர்ந்த கூட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டு இதை யோசிக்காமல் இருக்கிறாரே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"கற்பனைதானே, இதற்கு எதற்கு இவ்வளவு சூடு" என்று வருவீர்கள், தெரியும். கற்பனை என்றால் எனக்கு உயிர். மேக்ராஸ் என்கிற ஜப்பானிய ரோபோ கார்ட்டூனில் (1982) விண்வெளியையே மடித்து அந்தப் பக்கம் போய் நிற்பார்கள். ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், கதாசிரியர் போட்ட விதி அது. கண்டம் (Gundam, 1979) என்கிற இன்னொரு ஜப்பானிய ரோபோ கார்ட்டூன் இன்னும் அழகு. 18 மீட்டர் ரோபோ, சண்டை பெரும்பாலும் பூமி, நிலா, நடுவில் மிதக்கும் குடியிருப்புகள், அவ்வளவுதான் எல்லை. ஒளியை யாரும் துரத்தவில்லை. சிவப்பு ரோபோ மட்டும் மற்றதைவிட மூன்று மடங்கு வேகம் என்பார்கள். அதே எடை மூன்று மடங்கு வேகத்தில் போக ஒன்பது மடங்கு ஆற்றல் வேண்டும் என்பது தெரிந்தும் அந்தக் காட்சியில் எனக்கு இன்றும் புல்லரிக்கும். எழுதியவர் சொன்னதை நம்புவது வேறு, அவர் சொல்லாததை நாம் ஊதிப் பெரிதாக்கி மார்க் போடுவது வேறு.

என் சித்தப்பா விசைப்படகில் டிரைவர். தடைக்காலத்தில், அதுதான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகெல்லாம் கரையில் கிடக்கும் நேரம், அவர் கேட்பது முழுக்க இப்படிக் கேள்விதான். நம்ம படகில் நிலாவுக்குப் போனால் எத்தனை நாளாகும்டா என்றார் ஒரு தடவை. 3,84,400 கிலோமீட்டர், மணிக்கு 15 என்று வைத்துக்கொண்டால் மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு என்றேன். டீசலுக்கு மானியம் பத்தாது என்று சிரித்தார். அப்புறம் கேட்டாரே ஒரு கேள்வி: "கிட்டப் போனதும் எப்படிடா நிப்பாட்டுவ? இங்க இன்ஜினை அணைச்சா தண்ணி பிடிச்சு நிப்பாட்டிரும். அங்க எது பிடிக்கும்?"

எதுவும் பிடிக்காது. அதனால்தான் ரோபோவுக்கு அதிகபட்ச வேகம் என்று ஒற்றை எண் கேட்பதே அரைகுறைக் கேள்வி. எவ்வளவு விசையில், எவ்வளவு நேரம் உந்துகிறது என்றுதான் கேட்கவேண்டும். ஈர்ப்பை விட்டுவிட்டுத் தோராயமாகப் போட்டால், உள்ளே இருப்பவனுக்குத் தரையில் நிற்கிற எடை தெரியும்படி உந்திக்கொண்டே போனால் நிலாவுக்கு இரண்டரை மணி நேரம். ஆனால் நொடிக்கு 86 கிலோமீட்டரில் போய் மோதும். பாதி வழியில் திரும்பி எதிர்ப்பக்கம் உந்தினால்தான் இறங்கமுடியும், அதற்கு மூன்றரை மணி. நிஜத்தில் சந்திரயான்-3 ஜூலை 14 கிளம்பி ஆகஸ்ட் 23-ல்தான் இறங்கியது. சூரியனின் இழுப்பில், அதை ஆராயப் போன நாசாவின் பார்க்கர் விண்கலம் 2024 டிசம்பரில் தொட்டது நொடிக்கு 192 கிலோமீட்டர். அதே வேகம் குறையாமல் போனாலும் ஆல்ஃபா சென்டாரிக்கு ஏழாயிரம் வருஷம் பக்கம் ஆகும். பிள்ளைகளிடம் கேட்க இதில் எத்தனை கேள்வி இருக்கிறது!

அன்றைக்கு என் அக்கா மகள் எழுதிய விடை, "கிளம்பின நேரம் காட்டலை, அதனால சொல்ல முடியாது". சுழியம். அந்த ஒரு கேள்வியில்தான் முதலிடம் போனது. அதற்காகத்தான் பேசுகிறாய் என்கிறீர்கள். ஆமாம், அதற்காகவும்தான். சொந்தப் பிள்ளைக்குப் பேசினால் கணக்கு தப்பாகிவிடுமா?

நான் கேட்டதற்கு மைக்கில் வந்த பதில், "அண்ணே, ஐஸ் கம்பெனி கணக்கை அங்க வச்சுக்கங்க". கூட்டம் சிரித்தது. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன்தான் நான். பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு எழுதுகிறேன். மேடைக்குப் பின்னால் ராமேஸ்வரத்தில் பிறந்த கலாம் படம் இவ்வளவு பெரிய பேனரில். படத்துக்கு மாலை போடுவீர்கள், அவர் ஊர்ப் பிள்ளை யோசித்து எழுதினால் சுழி போடுவீர்கள், ஏன் என்று கேட்டால் மீன் வாடை அடிக்கிறது என்கிற மாதிரி முகத்தைச் சுளிப்பீர்கள். வெளியூரிலிருந்து சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்தால்தான் அறிவியல் பேசலாமா? கடலில் நட்சத்திரம் பார்த்து வலை போட்ட ஆட்களின் பேரப்பிள்ளைகள் ஐயா இவர்கள்.

கோப்பை வேண்டாம். அந்தக் கேள்வியை எல்லாருக்கும் ரத்து செய்து அறிவியுங்கள். அதுவரை இந்தப் பதிவு இங்கேயே இருக்கும். எடுக்கச் சொல்லி எனக்குப் போன் செய்கிற பெரியவர்கள் முதலில் வினாடி வினா நடத்தியவரிடம் பேசுங்கள்.