எல்.கே.ஜி.க்கு வேடந்தாங்கல் வேண்டாம், பள்ளிப் புங்கமரம் போதும்

மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் பள்ளி வாட்ஸ்அப் குழுக்களில் அந்தச் சுற்றறிக்கை வந்துவிடும். இயற்கைச் சுற்றுலா, வேடந்தாங்கல், எல்.கே.ஜி. முதல் 2ஆம் வகுப்பு வரை, காலை 6 மணிக்குப் பள்ளி வாசல், தொப்பி, தண்ணீர் பாட்டில், புளிசாதம். ஏற்பாடு செய்கிற ஆசிரியர்களின் நல்ல மனத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 4 வயதிலிருந்து 7 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அது பேருந்துச் சுற்றுலாதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் பள்ளிப் பேருந்து போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், திரும்பவும் அவ்வளவே. நடுவில் வாந்தி, ஒன்றுக்கு, தூக்கம். ஏரிக்கரையில் நிற்பது அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் ஏரிக்குள்ளே மரங்களின் மேல் உட்கார்ந்திருக்கும். பெரியவர் கண்ணுக்கே வெள்ளைத் திட்டுகள். பைனாகுலர் கொடுத்தால்? பெரியவர்களுக்கான பைனாகுலரின் இரு குழல்களை எவ்வளவு நெருக்கினாலும் இடைவெளி பெரும்பாலும் 56 மில்லிமீட்டருக்குக் கீழே வராது. 5 வயதுக் குழந்தையின் கண்மணிகளுக்கு நடுவே 50 மில்லிமீட்டர் சொச்சம்தான். பிள்ளைக்குத் தெரிவது கறுப்பு வளையம் மட்டும். "தெரியுதா?" என்று கேட்டால் "தெரியுது மிஸ்" என்று சொல்லிவிட்டுக் கொடுத்துவிடும். முக்காலியில் நிறுத்தும் ஒற்றைக்கண் தொலைநோக்கி பரவாயில்லை, ஆனால் ஒரு பிள்ளைக்கு 20 விநாடி என்றாலும் 40 பேர் ஒரு சுற்று வர 13 நிமிடம் ஆகும். வரிசையில் நிற்கும் மீதி 39 பேர் என்ன செய்வார்கள் என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேடந்தாங்கலைக் குறை சொல்லவில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்து, பறவைகளைச் சுடக்கூடாது என 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் உத்தரவு வாங்கிய ஊர் அது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இந்தக் கதை 4ஆம், 5ஆம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும், பிடிக்கும். அதுவரை ஏரி அங்கேயேதான் இருக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டியது கைக்கெட்டும் இயற்கை, அதுவும் திரும்பத் திரும்ப. வகுப்பறையிலிருந்து 200 மீட்டருக்குள், 45 நிமிடம், வாரம் ஒருமுறை, அதே மரம். புங்கமோ வேம்போ பூவரசோ, எது இருக்கிறதோ அது. 'சீசன்வாட்ச்' என்ற இந்திய மக்கள் அறிவியல் திட்டம் இதைத்தான் கேட்கிறது: ஒரே மரத்தை வாராவாரம் பார்த்து, தளிர், பூ, காய் இவை இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிப்பது. அந்த மூன்று சொல்லும் யு.கே.ஜி. பிள்ளைக்கே தெரியும். சுவரில் ஒரு நீளத் தாள் ஒட்டி, வாரத்துக்கு ஒரு கட்டம் போட்டு வண்ணம் அடிக்கச் சொன்னால் ஆண்டு முடியும்போது புங்கமரத்தின் நாட்குறிப்பு கையில் இருக்கும். முதல் மூன்று வாரம் ஒன்றுமே மாறாதது போலத் தோன்றும். அங்கேதான் பெரும்பாலான பள்ளிகள் விட்டுவிடுகின்றன. புங்கம் இலை உதிர்த்துத் தளிர்விடும் நாட்களில் வந்து பாருங்கள், பிள்ளைகளே ஆசிரியரை இழுத்துக்கொண்டு போவார்கள்.

மரத்தடிக்குப் போனதும் என்ன செய்வது? ஒரு கயிறு போதும். 3 மீட்டர் கயிற்றை முனை முடிந்து தரையில் வட்டமாகப் போட்டால் குறுக்களவு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அதைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் குந்தி உட்காரலாம். "இந்த வட்டத்துக்குள்ள நகர்றது எது?" என்ற ஒரே கேள்வி, 10 நிமிடம். முதல் 2 நிமிடம் "ஒண்ணுமே இல்ல மிஸ்" என்பார்கள். வாய் திறக்காதீர்கள். மூன்றாவது நிமிடம் எறும்பு வரும், பிறகு மரவட்டை, பிறகு யாராவது சருகைத் திருப்புவார்கள். 20 பிள்ளைக்கு 4 கயிறு, 4 பெரியவர். 4, 5 வயதுக்கு ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் கட்டாயம் வேண்டும், 6 வயதுக்கு மேல் எட்டுக்கு ஒருவர். 40 பேர் வகுப்பென்றால் பாதிப் பேர் செவ்வாய், பாதிப் பேர் வியாழன். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் ஊர்வலம்தான் நடக்கும்.

உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்குவதானால் 3 மடங்கு பெரிதாக்கும் அகலமான கைக்கண்ணாடி வாங்குங்கள். 10 மடங்கு காட்டும் சிறிய வில்லையைக் கண்ணோடு ஒட்டிவைத்து, பொருளை இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் அசையாமல் பிடிக்க வேண்டும். அது 5 வயதுக் கைக்கு வராது. பூச்சியை விரலால் தொடாமல் பிடிப்பதற்கு வாட்டர்கலர் தூரிகையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவும் போதும். பழைய வெள்ளை வேட்டியைப் புதருக்கடியில் விரித்துக் கிளையை இரண்டு தட்டுத் தட்டினால் சிலந்தி, வண்டு, புழு எல்லாம் துணியில் வந்து விழும். சேகரிப்புக்கு முட்டை அட்டை. விதி ஒன்றுதான்: கீழே விழுந்தது மட்டும், அதுவும் குழிக்கு ஒன்று.

எதைக் காட்டுவது என்று கேட்டால் என் முதல் தேர்வு குழியானைப் பூச்சி. தாழ்வாரத்து ஓரம், சுவரடி, மழை படாத நுண்மணல் இருக்கும் இடமெல்லாம் புனல் வடிவக் குழிகள் இருக்கும். ஈர்க்குச்சியால் குழியின் ஓரத்தில் இரண்டு மணலைத் தள்ளிவிட்டால் அடியிலிருந்து மணல் வீசும். ஒரு கரண்டி மணலோடு பூச்சியை எடுத்துத் தட்டில் விட்டால் பின்னோக்கியே நடக்கும். கடிக்குமோ என்று பயப்பட வேண்டியதில்லை. எறும்பைப் பிடித்துக் குழியில் போட்டுக் காட்டும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை, தானாக ஒன்று விழும்வரை காத்திருந்தால் நல்லது. மழைக்காலத்தில் குழிகள் குறைந்துவிடும் என்பதால் தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கறிவேப்பிலைச் செடியில் வளரும் பட்டாம்பூச்சிப் புழு. சின்னதில் காக்கை எச்சம் மாதிரி, வளர்ந்ததும் பச்சை. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கொம்பு ஒன்றை நீட்டும், கூடவே ஒரு நாற்றமும் வரும். வகுப்பில் வளர்க்கலாம். டப்பாவின் வாயில் கொசுவலைத் துணி, அடியில் தினம் மாற்றும் செய்தித்தாள், உள்ளே ஒரு குச்சி, வெயில் படாத மேசை. இங்கே தவறுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். கடையில் வாங்கிய கறிவேப்பிலை போட்டால் பூச்சிமருந்தில் புழு செத்துவிடும், புழு இருந்த செடியின் இலையையே பறித்துப் போடுங்கள். இலை வாடாதிருக்கக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் புழு அதில் விழுந்து சாகும், காம்பில் ஈரப்பஞ்சு சுற்றினால் போதும். மூன்றாவதுதான் சுவாரசியம். சில கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் ஈயோ குட்டிக் குளவிகளோ வெளியே வரும். ஆசிரியர்கள் அதைத் தோல்வி என்று நினைத்துப் பிள்ளைகள் பார்ப்பதற்குள் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். புழுவுக்குள்ளேயே இன்னொரு பூச்சி முட்டை வைத்திருந்தது என்பதை 6 வயதுப் பிள்ளை கண்ணை விரித்துக் கேட்கும். மறைக்காதீர்கள்.

எருக்கில் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் வரிப்புழு அழகாக இருக்கும், ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் தீங்கு. பெரியவர் மட்டும் இலையைத் தொட்டுக் காட்டலாம், பிள்ளைகள் ஓரடி தள்ளி நிற்கட்டும்.

குளத்தங்கரைக்கு 6 வயதுக்குக் கீழே கூட்டிப் போகவே வேண்டாம். குளத்தைப் பள்ளிக்குக் கொண்டுவரலாம்: ஒரு வாளியில் பாசியோடு 5 லிட்டர் தண்ணீர், வெள்ளை பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி நிழலில் வைத்தால் தலைப்பிரட்டை, தும்பியின் இளம்புழு, நத்தை எல்லாம் தெரியும். மல்லாந்து நீந்தும் பூச்சியும் நீர்த்தேளும் கடிக்கும், அவற்றை முதலில் தேக்கரண்டியால் எடுத்துத் தனிக் கண்ணாடிக் குப்பியில் விட்டுவிடுங்கள். 20 நிமிடத்துக்கு மேல் வைத்தால் தண்ணீர் சூடேறிவிடும். அதே குளத்தில்தான் திருப்பி ஊற்ற வேண்டும், பக்கத்துக் கிணற்றில் இல்லை.

இனி ஆபத்துகள். முந்தின நாள் மாலையும் அன்று காலையும் ஒரு பெரியவர் நடந்து பார்க்காத இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகக் கூடாது. தலையை உயர்த்தி முதலில் பாருங்கள்: தண்ணீர்த்தொட்டியின் அடியிலோ உயர்ந்த கிளையிலோ மலைத்தேனீக் கூடு இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். மாமரத்தில் இலை தைத்த கூடு தொங்கினால் முசுறு எறும்பு, அடியில் நின்றால் தலையில் விழுந்து கடிக்கும். முருங்கையில் மழைக்குப் பிறகு கம்பளிப்பூச்சி அப்பிக்கிடக்கும். உடம்பில் பட்டால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை வைத்து முள்ளை உரித்தெடுத்துவிட்டுக் கழுவ வேண்டும். பிறகு தரையைப் பாருங்கள். செங்கல் குவியல், அடுக்கிய விறகு, இடுப்பளவு புதர் இருந்தால் பாம்பு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சுற்றி 5 மீட்டர் விலகுங்கள். அருகில் எந்த மருத்துவமனையில் பாம்புக்கடி மருந்து இருக்கிறது என்பதைப் போகும் முன்பே கேட்டு எழுதி வையுங்கள், 108 எண்ணோடு. கடித்தால் கயிறு கட்டுவதும் கீறுவதும் கூடாது, கடிபட்ட காலை அசைக்காமல் கொண்டுபோக வேண்டும்.

பாம்பைப் பற்றிப் பயப்படும் அளவுக்குச் செடியைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை என்பதுதான் வியப்பு. பள்ளி வேலியோரம் காட்டாமணக்கு நிற்கும், விதையைக் கடலை மாதிரி இருக்கிறதென்று தின்று வாந்தியோடு மருத்துவமனைக்குப் போன பிள்ளைகளைப் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. மஞ்சள் அரளிக் காய் இதயத்தைத் தாக்கும். குன்றிமணியை மென்றால் உயிருக்கே ஆபத்து, அதைக் கைவினை வகுப்பில் மணியாகக் கோர்க்கிறார்கள்! ஊமத்தை, பார்த்தீனியம் இரண்டையும் பட்டியலில் சேருங்கள். "எதையும் வாயில வைக்கக் கூடாது" என்பதைக் கிளம்பும்போது ஒருமுறை, மரத்தடியில் ஒருமுறை, பாட்டாகவே சொல்ல வையுங்கள். திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சானிடைசர் மண்ணையும் செடிப்பாலையும் போக்காது.

நேரம் காலை 8.30க்குள். 11 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் கூடாது, பங்குனி பிறந்தால் நிழல் விட்டு நகரக் கூடாது. முழுக்கால் சட்டை, மூடிய காலணி. பவுடர், சென்ட் வேண்டாம்.

ஒர்க்‌ஷீட்டையும் விட்டுவிடுங்கள். கையில் தாள் இருந்தால் பிள்ளை தாளைத்தான் பார்க்கும். அதிலும் இணையத்திலிருந்து எடுத்த தாளில் ஓக் இலை, ராபின் குருவி, பைன் கூம்பு இருக்கிறது. நம் மரத்தடியில் இருப்பவை மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், தேன்சிட்டு, அணில். பெயர் தெரியாவிட்டாலும் குற்றமில்லை, "வாலாட்டுற குருவி" என்று பிள்ளை வைத்த பெயரே முதல் மாதத்துக்குப் போதும்.

ஆன்லைன் பக்கம் வருகிறேன். 2020இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) வெளியிட்ட பிரக்யாதா என்ற ஆன்லைன் வகுப்பு வழிகாட்டுதல், மழலையர் வகுப்புக்கு, அதுவும் பெற்றோரோடு பேசி வழிகாட்டுவதற்கு, ஒரு நாளில் 30 நிமிடத்துக்கு மேல் திரை வேண்டாம் என்றது. இயற்கை வகுப்புக்கு அதில் பாதி போதும். வெளியே கண்ணால் பார்க்க முடியாததற்கு மட்டும் திரையை வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிடுவது நள்ளிரவில், சின்னப் பிள்ளைகள் விழித்திருக்க வேண்டிய நேரமில்லை. அதற்கு 2 நிமிட வீடியோ சரி. பள்ளி வளாகத்தில் இருக்கும் எறும்பை வீடியோவில் காட்டுவது வீண்.

ஆசிரியர் மரத்தடியிலிருந்து நேரலையில் காட்டுவதானால் போனைக் கையில் பிடித்தபடி நடக்காதீர்கள், படம் ஆடி ஐந்தே நிமிடத்தில் பிள்ளைகள் திரையை விட்டுப் போய்விடுவார்கள். போனைச் செங்கல்லில் சாய்த்து நிறுத்தி, பொருளுக்குப் பின்னால் வெள்ளைத்தாள் வைத்து, திரையைத் தொட்டுக் குவியத்தைப் பூட்டி, ஒரே இடத்தை 3 நிமிடம் காட்டுங்கள். காற்று இரைச்சலுக்குக் கம்பி இயர்போன் மைக்கைச் சட்டைக்குள் வைத்துப் பேசினால் போதும். முடிவில் ஒரு வேலை: வீட்டு வாசலில் அதே மாதிரி ஒன்றைத் தேடு, நாளை கொண்டுவா.

பறவைக்கூட்டு நேரலைக் கேமராவை நம்பி வகுப்பு வைப்பவர்கள் மறப்பது கடிகாரத்தை. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் இத்தாக்காவில் வைத்திருக்கும் பருந்துக்கூட்டுக் கேமரா அருமையானது, ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ குஞ்சுகள் இருக்கும். ஆனால் நமக்குக் காலை 10 மணி என்றால் அங்கே கோடைக்கால நேரப்படி நள்ளிரவு 12.30. தாய்ப்பறவை அசையாமல் உட்கார்ந்திருக்கும் கறுப்புவெள்ளைப் படத்தைத்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள். அதைப் பெற்றோர் மாலை 5 மணிக்கு வீட்டில் காட்டலாம், அங்கே காலை 7.30 ஆகியிருக்கும். பள்ளியில் 10 மணிக்கு வேண்டுமென்றால் ஆப்பிரிக்க நீர்நிலைக் கேமராக்கள்: கென்யாவில் அப்போது காலை 7.30, தென்னாப்பிரிக்காவில் 6.30, விலங்குகள் தண்ணீருக்கு வர வாய்ப்புள்ள நேரம். அப்படியும் சில நாள் வெறும் தண்ணீர்தான் தெரியும். வகுப்புக்கு முந்தின நாள் அதே நேரத்தில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். பக்கத்தில் ஓடும் அரட்டைப் பெட்டியை மூடி, முழுத்திரை வைத்து, அதன் பிறகு புரொஜெக்டரைப் போடுங்கள்.