ஓடிபியைச் சொன்னது யார்?
வீட்டு ஆள் நம் கிரெடிட் கார்டைக் கேட்காமல் தேய்த்தால் உடனே வங்கியில் புகார் கொடுங்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் ஓடிபியை நாமே போனில் சொல்லியிருந்தால்? 2017 ரிசர்வ் வங்கி விதிப்படி அது வாடிக்கையாளரின் அலட்சியம். புகார் செய்யும்வரை போன பணம் நம் தலையில்தான்.

என் மச்சினன் தி.நகரில் என் கார்டைத் தேய்த்துப் போன் வாங்கிவிட்டு, "மாமா, அடுத்த மாசம் தந்துடறேன்" என்றான். வந்தது பில் மட்டும்தான். சண்டை போடவில்லை (மாமியார் வீட்டு விவகாரம்!). வங்கி ஆப்பில் ஆன்லைன் பரிவர்த்தனையை அணைத்தேன், கடையில் தேய்க்கும் வரம்பை 5,000 ரூபாயாகக் குறைத்தேன். மாதம் இவ்வளவு தருகிறேன் என்று அவனிடம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டேன். இப்போது ஒழுங்காகத் தருகிறான்.

ஆட்-ஆன் கார்டு (நம் கணக்கிலேயே வீட்டு ஆள் பெயரில் வாங்கும் கூடுதல் கார்டு) கொடுக்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் யார் செலவழித்தாலும் கட்ட வேண்டியவர் நாம்தான்.