பட்டு வேட்டியை நம்பாதீர்கள்

கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புகளைத் திறக்க காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்தான் வேண்டும், கிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளைப் போட்டால் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. கிம்ப் தானாக ராவைத் திறக்காது, ஆனால் ராவைத் திறக்கும் மென்பொருளான டார்க்டேபிளோ ராதெரபியோ கணினியில் இருந்தால் அதைக் கூப்பிட்டு வேலையை முடித்துக்கொள்ளும். இரண்டுமே இலவசம்தான்.

நான் டார்க்டேபிள் ஆள். போன வருடம் தங்கை கல்யாணத்தில் ஹோமப் புகை, மேலே டியூப்லைட், பக்கத்தில் வீடியோக்காரரின் மஞ்சள் விளக்கு, எல்லார் முகமும் மஞ்சள் பூசின மாதிரி. நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸில், எது வெள்ளை என்று காட்டும் ஸ்பாட் கருவியை எடுத்து மாப்பிள்ளை வேட்டிமேல் வைத்தேன், படம் முழுக்க நீலம் பாய்ந்துவிட்டது. பட்டு வேட்டி சந்தன நிறம், அதை வெள்ளை என்று நாம் சொன்னால் மென்பொருள் என்ன செய்யும் பாவம்! அப்புறம் பின்னால் நின்ற சித்தப்பாவின் பருத்தி வேட்டியில் வைத்ததும் சரியாகிவிட்டது. சுருக்கிச் சேமிக்கும் வழக்கமான ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 14 பிட் ராவில் 16,384, அதனால்தான் இவ்வளவு இழுத்தும் படம் தாங்குகிறது.

இன்னொன்று, டார்க்டேபிள் மூலக் கோப்பைத் தொடாது, செய்த மாற்றங்களைப் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற குட்டிக் கோப்பில் எழுதி வைக்கும். புது கணினிக்கு மாறும்போது அதைக் குப்பை என்று நினைத்து ராவை மட்டும் காப்பி செய்து, பழையதை ஃபார்மட்டும் அடித்துவிட்டேன். மூன்று வார வேலை போச்சு.