பெட்டியில் வாட்ஸ் மட்டும் போட்டால் போதுமா?

கம்ப்யூட்டருக்குள் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் வருகிற பெட்டியில், 650 வாட்ஸ், 650 வாட்ஸ் என்று நாலு பக்கமும் கொட்டை எழுத்தில் போடத் தெரிகிறது. உள்ளே எத்தனை வயர், எது எதில் மாட்டும், எவ்வளவு நீளம் என்று ஒரு வரி போட மட்டும் கை வராதா? ஒரு எஸ்எம்பிஎஸ் வாங்க தண்டையார்பேட்டையிலிருந்து கம்ப்யூட்டர் சாமான் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கு மூன்று தடவை அலைந்துவிட்டு, ஒரு ஹார்ட் டிஸ்கையும் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வயிறு எரிகிறது.

எனக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு. பழைய எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. என் கிராபிக்ஸ் கார்டில் கரன்ட் வாங்க இரண்டு 8 பின் சாக்கெட். கடையில் போனதுமே அதைத்தான் சொன்னேன். "650 வாட்ஸ் தாராளம் சார், ரெண்டு 8 பின் இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். பிரித்துக் காட்டுங்கள் என்றால், "சீல் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது சார்." வெளியே எழுதவும் மாட்டார்கள், பிரித்துப் பார்க்கவும் விட மாட்டார்கள். வாங்குகிறவன் எதை நம்பிக் காசு கொடுப்பது?

வீட்டுக்கு வந்து பிரித்தால், இரண்டு 8 பின் இருந்தது உண்மைதான். ஆனால் அதில் ஒன்று சிபியுவுக்கு, அதாவது மதர்போர்டில் இருக்கும் பிராசஸருக்குப் போவது. கையில் வைத்துப் பாருங்கள்: சிபியு முனை நாலு நாலாகப் பிரியும், நாலு மஞ்சள் வயர், நாலு கறுப்பு. கிராபிக்ஸ் கார்டு முனை ஆறும் இரண்டுமாகப் பிரியும், மூன்று மஞ்சள், ஐந்து கறுப்பு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அழுத்தி ஏற்றினால் கார்டு காலி. நாள் முழுக்க இதையே விற்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டாமா?

திரும்பப் போனேன். மோலெக்ஸ் என்கிற பழைய நாலு பின் முனையிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் குட்டி வயர் ஒன்றை நீட்டினார்கள். ஒரு 8 பின் வழியாக 150 வாட்ஸ் வரை கார்டு இழுக்கலாம். 12 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர். எடிட் பண்ணியதை முழு வீடியோவாக்கும் ரெண்டர் ராத்திரி முழுக்க ஓடும் மெஷினில் அந்த மெல்லிசு வயரை நம்பி நான் தூங்கப் போகணுமா? சண்டை போட்டு, மேலே பணம் கட்டி, கழற்றி மாட்டுகிற மாடுலர் ரகத்துக்கு மாற்றினேன். பெட்டியில் தங்க நிற 80 பிளஸ் ஸ்டிக்கர் பளபளத்தது. அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான கணக்கு, அவ்வளவுதான்.

இந்தத் தடவை கார்டுக்குச் சரியாக இருந்தது. சிபியு வயரோ கேபினெட்டின் அடியிலிருந்து மதர்போர்டின் மேல் மூலைக்குத் தம் கட்டித்தான் எட்டியது. ஹார்ட் டிஸ்குக்குக் கரன்ட் கொடுக்கும் சாட்டா முனை ஒன்று குறைந்தது. மூன்றாவது பயணம். மெட்ரோவில் கவர்மென்ட் எஸ்டேட் ஸ்டேஷனில் இறங்கி, வெயிலில் நடந்து போனேன். கடைப் பையன் ஒரு பையிலிருந்து உதிரி கேபிள் ஒன்றை உருவிக் கொடுத்தான். "எல்லாம் ஒண்ணுதான் சார், மாட்டுங்க."

ஒன்று இல்லை! மதர்போர்டில் மாட்டும் முனைக்கு 1995-லிருந்தே ஏடிஎக்ஸ் என்று வரைமுறை இருக்கிறது. மாடுலர் கேபிளின் மறுமுனைக்கு, அதாவது எஸ்எம்பிஎஸ் பக்கம் சொருகும் முனைக்கு, அப்படிப் பொது வரைமுறை கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியில்கூட மாடலுக்கு மாடல் மாறும். ஆனால் சொருகினால் சில சமயம் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். அதுதான் கொடுமை. ஸ்விட்சைப் போட்டதும் கருகல் வாடை. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போயிருக்கிறது. அப்புறம் டிஸ்க் சுற்றவே இல்லை.

மூலப் படங்கள் வேறு டிஸ்கில் இருந்ததால் பிழைத்தேன். வெட்டி ஒட்டி, நிறம் சரிசெய்து, பாட்டுச் சேர்த்து முடித்த 3 வார வேலை போய்விட்டது. கடையில் கேட்டால், "கேபிளுக்கு வாரண்டி கிடையாது சார்."

பெட்டியின் ஒரு பக்கத்தில் பத்து வரி போதும். சிபியுவுக்கு எத்தனை, கார்டுக்கு எத்தனை, சாட்டா எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர். "வேறு எஸ்எம்பிஎஸ் கேபிளை இதில் மாட்டாதே" என்று தமிழில் பெரிதாக ஒரு வரி. மாடுலர் கேபிளின் எஸ்எம்பிஎஸ் முனையில் மாடல் பெயரை அச்சடித்தாலே போதும், அந்தப் பையனும் உருவிக் கொடுத்திருக்க மாட்டான்.

காசிமேட்டுப் பெண் வீட்டு அம்மா நேற்றும் போன் பண்ணினார். "தம்பி, பொண்ணு ஊருக்குக் கிளம்புறா, வீடியோ ரெடியாப்பா?" முதல் ஃபைலிலிருந்து மறுபடி வெட்டிக்கொண்டிருக்கிறேன்.