வைப் இல்லாத கட்டடம்

அந்த ரீலை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாயிற்று. 'அக்கா, உங்க யுனிவர்சிட்டி' என்று இதயம் போட்டு அனுப்பிய தம்பி தங்கைகளுக்கு நன்றி. நானும் பதிலுக்கு ஒரு இதயம் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன், அந்தக் கடைசி வரி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் பார்க்க வேண்டிய இடங்களாம். பாதி நேரம் செனட் ஹவுஸ். டிரோன் மேலே போகிறது, கீழே வருகிறது, கோபுரத்தைச் சுற்றுகிறது. அப்புறம் மணிக்கூண்டு. அப்புறம் கடல். கடைசியில் போகிற போக்கில், 'இங்க ஒரு லைப்ரரியும் இருக்கு, ஆனா எக்ஸாமுக்குப் படிக்கிற கூட்டம்தான் உட்கார்ந்திருக்கும், வைப் இல்ல, ஸ்கிப் பண்ணிடலாம்.'

ஸ்கிப் பண்ணிடலாமாம்!

'செனட் ஹவுஸ் அழகாக இல்லையா?' என்று கேட்க ஒருவர் இந்நேரம் கை தூக்கியிருப்பார். அழகுதான் சார், யார் இல்லை என்றது? கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வரைந்து, 1874இல் தொடங்கி 1879இல் கட்டி முடித்தது. நாலு மூலையிலும் கோபுரம், உச்சியில் வெங்காயக் குமிழ், உள்ளே பெரிய மண்டபம், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். பக்கத்தில் மாநிலக் கல்லூரியும் அதே சிஷோம் கை. 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றமே அந்த மண்டபத்தில்தான் கூடியது. இதெல்லாம் எனக்கும் தெரியும். சாயங்கால வெயில் அந்தச் செங்கல் மேல் படும்போது பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்து நானும் வாயைப் பிளந்திருக்கிறேன். ஆனால் நான் படித்த காலத்தில் ஏதாவது விழா என்றால் தவிர அதன் உள்ளே காலை வைத்ததில்லை. வெளியே நின்று பார்க்க வேண்டிய கட்டடம் அது. நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஒரு பல்கலைக்கழகத்தில் முக்கியமான கட்டடம் எது என்றால், மாணவர் போய் உட்காரக்கூடிய கட்டடம்.

ரீல் போட்டவருக்குத் தெரியாத ஒரு கதை சொல்கிறேன். 1907இல் தொடங்கிய நூலகத்துக்கு ரொம்ப நாள் சொந்த வீடே கிடையாது. கன்னிமாரா பொது நூலகத்தில் ஒண்டுக்குடித்தனம். 1928இல் அங்கிருந்து கிளம்பி எங்கே வந்தது தெரியுமா? நீங்கள் டிரோன் விட்டுச் சுற்றினீர்களே, அதே செனட் ஹவுஸுக்குள். 1936இல்தான் சொந்தக் கட்டடம். இந்த இரண்டு முறை வீடு மாறியபோதும் நூலகராக இருந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சீர்காழிக்காரர். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவரை 1924இல் இங்கே நூலகராகப் போட்டார்கள். லண்டனுக்குப் போய்ப் படித்தார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்தால் வேறு வேறு பொம்மை வருகிறதே என்று யோசித்துத்தான், புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் கோலன் பகுப்பு முறையைச் செய்தார். உலகம் முழுக்க நூலகவியல் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. அவர் வேலை பார்த்த இடம் வைப் இல்லாத இடம். சரி.

அலமாரிகளைத் திறந்துவிட்டதும் அவர்தான். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒருவர் எடுத்து வரும் வரை கவுண்டரில் காத்து நிற்காமல், வாசகரே அலமாரி வரை நடந்து போய் எடுத்துப் பார்க்கலாம் என்றாக்கினார். புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்பதை 1931லேயே நூலகவியலின் முதல் விதியாக எழுதி வைத்த மனிதர். கல்யாணத்தன்றுகூட மத்தியானம் வேலைக்கு வந்துவிட்டார் என்பார்கள். (அந்த அம்மா என்ன நினைத்திருப்பார் என்பது தனிப் பதிவாகப் போட வேண்டிய விஷயம்.)

நான் முதுகலை படிக்கச் சென்னைக்கு வந்தபோது ஹாஸ்டல் கிடைக்கவில்லை. வியாசர்பாடியில் சித்தி வீடு. ஒரே அறை, ஒரே மின்விசிறி, ஒரே டிவி. சித்தப்பா வேலை முடிந்து வந்து டிவி போடுவார், அது அவர் வீடு, போடத்தான் செய்வார். நான் சமையல் மேடைக்குக் கீழே சுவரில் சாய்ந்துகொண்டு மடியில் நோட்டை வைத்துப் படிப்பேன். பையன்களுக்காவது திருவல்லிக்கேணி மேன்ஷன் உண்டு, நாலு பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு எது உண்டு? மெரினா வளாகத்தில் வகுப்பு முடிந்ததும் கடற்கரைச் சாலையிலேயே நடந்து சேப்பாக்கம் நூலகத்துக்கு வந்துவிடுவேன். நீள மேசை. ஓரமெல்லாம் யார் யாரோ பேனாவால் கிறுக்கிய மேசை. உப்புக் காற்றுக்கு ஜன்னல் கொக்கி துருப்பிடித்துப்போய், சாத்தினால் திறக்க வராது, திறந்தால் சாத்த வராது. காற்று வந்தால் ஒரு கையால் தாளைப் பிடித்துக்கொண்டே மறு கையால் எழுத வேண்டும். என் வாழ்க்கையில் முதல்முதலாக எனக்கென்று ஒரு நாற்காலி, ஒரு மேசை இருந்தது அங்கேதான். யாரும் 'எழுந்திரு, அந்தப் பாத்திரத்தை எடு' என்று சொல்லாத நாற்காலி.

ஆமாம், அங்கே உட்கார்ந்து குரூப் தேர்வுக்கும் படித்தேன். அந்த 'எக்ஸாம் கூட்டத்தில்' நானும் ஒருத்தி. வணக்கம்.

அடுத்து, 'சின்னப் பையன், ஏதோ ஆர்வத்தில் போட்டுவிட்டான், இதற்குப் போய் இவ்வளவு நீளப் பதிவா?' என்பார்கள். ஆமாம், இவ்வளவு நீளம்தான். பிடிக்காவிட்டால் ஸ்கிப் பண்ணிடலாம்.

'இப்போது யார் நூலகத்துக்குப் போகிறார்கள், எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டதே?' இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. பழைய ஆய்வேடுகளை எல்லாம் நானே இப்போது பிடிஎஃப்பில்தான் படிக்கிறேன். ஆனால் கைப்பேசியில் புத்தகம் வரும், மேசை வருமா? இதைச் சொல்கிறவர்கள் வீட்டில் எல்லாம் படிக்கத் தனி அறை இருக்கும், அதை மட்டும் நான் பார்த்துவிட்டேன்.

ரீலைவிட எனக்கு வலித்தது அதன் கீழே வந்த கமெண்டுகள்தான். 'ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இடமே இல்ல, கைடு புக்கை வச்சிக்கிட்டு உக்காந்துடுறாங்க', 'டிபன் பாக்ஸோட வந்து டேரா போட்டுடுறாங்க.' இருநூறு பேர் அதற்குச் சிரித்திருக்கிறார்கள். டிபன் பாக்ஸ் கொண்டு போகாமல்? மத்தியானச் சாப்பாட்டுக்கு நீங்கள் தருவீர்களா காசு? எலுமிச்சை சாதத்தை மரத்தடியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, கை கழுவி, மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தவர்கள்தான் இன்றைக்கு உங்கள் தாலுகா ஆபீஸில் பட்டா எழுதுகிறார்கள். ஆராய்ச்சி உயர்ந்தது, வேலைக்குப் படிப்பது மட்டம் என்று எந்த விதியில் எழுதியிருக்கிறது?

சரி, இந்த இடம் யாருடையது என்றே கேட்டுவிடலாம். 1839இல் சென்னையில் பல்கலைக்கழகம் வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். அதில் கையெழுத்துப் போட்டவர்கள் 70,000 பேர். அதற்கப்புறமும் பதினெட்டு வருடம் கழித்து, 1857இல்தான் வந்தது. கேட்டு வாங்கிய இடம் அது. ரங்கநாதன் அந்த வளாகத்தோடு நிற்கவும் இல்லை. 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்துக்கு அடித்தளம் போட்டது அவர்தான். சுதந்திர இந்தியாவில் அப்படி முதல் சட்டம். உங்கள் வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். எங்கள் ஊரில் ஓட்டு வீட்டுக்காரரும் அதைக் கட்டுகிறார். அவர் பெண் டிபன் பாக்ஸோடு வந்து ஒரு நூலகத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கு என்ன வலிக்கிறது?

பழைய கட்டடங்களைப் படம் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுங்கள். திருமண போட்டோஷூட்டுக்கும் அழகான இடம்தான், நானே சொல்கிறேன். ஆனால் கல்லைப் பார்த்தால் பெருமை, அதற்குள் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தால் முகச்சுளிப்பு என்றால், அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். இரண்டாம் பாகம் போடுவேன் என்று அந்தத் தம்பி சொல்லியிருக்கிறார். போடட்டும். நூலகத்துக்கு முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு போகட்டும். டிரோன் வேண்டாம், பின்னணி இசையும் வேண்டாம். முக்கியமாக, போனை சைலன்ட்டில் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி, அங்கே அடுத்த வாரம் யாருக்காவது பரீட்சை இருக்கும்.